எடுத்தனூர்க் கல்லும் ஒரு நாய்க்குட்டியும்

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு மாலை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையின் வளைவொன்றில் வாய் கட்டிய கோணிப்பை ஒன்று கிடந்தது. அது அசைந்தது. வண்டியை நிறுத்தி அவிழ்த்துப் பார்த்தோம். உள்ளே மூன்று நாய்க்குட்டிகள். இரண்டு முன்பே விறைத்துப் போயிருந்தன. மூன்றாவதற்கு மட்டும் மூச்சு இழையோடிக்கொண்டிருந்தது. நடுகற்களைக் காணவென்று செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அலைந்து திரும்பிய பயணம் அது. கல்லில் பெயர் பொறிக்கப்பட்ட ஒரு நாயைப் பற்றிக் காலை முழுவதும் வியந்து பேசிய நம்மை, மாலையில் உயிருள்ள நாயொன்று சோதித்துப் பார்த்தது.

அந்தக் கல்லின் செய்தி இதுதான். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாயும் செங்கம் பகுதி, தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த நிலங்களுள் ஒன்று. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல் அவற்றை உலகறியச் செய்தது. அவற்றுள் எடுத்தனூரில் கண்டறியப்பட்ட கல் தனிச்சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாரிடம் பணி செய்த கருந்தேவக்கத்தி என்னும் இளவீரன், எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்டான் என்கிறது அக்கல். அவனருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் அங்கே எழுதப்பட்டுள்ளது.

மன்னர்களின் பெயர்களே முழுமையாகக் கிடைக்காத ஒரு காலத்திலிருந்து ஒரு நாயின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது! எழுதியவர் யாரென்று தெரியாது. ஆயினும் வீரனுக்கு உரிய கல்லில் நாய்க்கும் இடம் உண்டு என்று கல்லை நாட்டியவர்கள் கருதினார்கள் என்பது தெரிகிறது.

இது நம் மண்ணில் மட்டும் நிகழ்ந்ததன்று. கருநாடகத்து மாண்டியா மாவட்டத்தின் ஆதகூரிலும் இத்தகைய கல்லொன்று எழுப்பப்பட்டது. சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த தக்கோலப் போரை (949) ஒட்டியது அது. போரில் திறம் காட்டிய மணலேரன் என்னும் வீரன், தன் தலைவனாகிய கங்க மன்னன் பூதுகனிடம் பரிசாக வேண்டியது பொன்னையன்று. காளி என்னும் வேட்டை நாயையே வேண்டினான். பின்னொருநாள் அந்த நாய் காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, இரண்டும் மாண்டன. காளிக்குக் கல் நாட்டி, நிலமும் விட்டார்கள். அக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோணிப்பையிலிருந்து வந்த குட்டிக்கு நான்கு வாரம் இருக்கும் என்றார் அரசு கால்நடை மருத்துவர். நாம் பசும்பாலைக் கிண்ணத்தில் ஊற்றத் தொடங்கியபோது அவர் தடுத்தார். “முதலில் சூடு, பிறகுதான் பால். உடல் குளிர்ந்த குட்டிக்கு எதுவும் செரிக்காது” என்றார். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அதன் அருகே வைத்தோம். இரவில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்தோம். குடற்புழு மருந்தும், உரிய வாரத்தில் முதல் தடுப்பூசியும் போடப்பட்டன. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்தபின் என்று சீட்டில் எழுதித் தந்தார். குட்டியை நிலையாக வைத்துக்கொள்ள நம் இல்லத்தில் வழியில்லை. நல்ல வீடு கிடைக்கும்வரை வளர்ப்பது என்று முடிவாயிற்று. பெயர் வைக்க வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். பெயர் வைத்தால் பிரிவது கடினம் அல்லவா! மூன்றாம் நாளே அதைக் கோவிவன் என்று அழைக்கத் தொடங்கிவிட்டோம்.

“பசித்த பிள்ளைகள் தெருவில் இருக்க, நாய்க்குப் பாலா?” என்று கேட்டார் நண்பர் ஒருவர். நேர்மையான கேள்வி. சில நாள் அது நம்மை உறுத்தியது. ஆனால் ஒன்றைக் கண்டோம். கோணிப்பையின் வாயைக் கட்டிய கை, இரக்கத்தைப் பிள்ளைகளுக்கென்று சேமித்து வைத்த கையன்று. இரக்கம் குதிரில் கொட்டிய நெல்போல் எடுக்க எடுக்கக் குறைவதில்லை; கிணற்று ஊற்றுப்போல் இறைக்க இறைக்கச் சுரப்பது.

நாய்க்குக் கல் நாட்டிய நாடு, பின்னாளில் நாயைக் கொல்வதை நகராட்சியின் அன்றாடப் பணியாக்கியதும் வரலாறே. ஆங்கிலேயர் காலத்தில் சென்னையில் தொடங்கிய தெருநாய்க் கொலை, விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அதற்கு அச்சமே காரணம். அந்த அச்சம் பொய்யுமன்று. வெறிநாய்க்கடிக்கு 1885இல் லூயி பாஸ்டர் தடுப்பூசி கண்டார். தென்னாட்டவர்க்கென்று குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் திறக்கப்பட்டது. நோய்க்குறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது என்பது இன்றும் மாறவில்லை. ஆதலின், நாய்க்கடி பட்ட ஏழையின் அச்சத்தை எள்ளிப் பேசும் உரிமை நாய்ப்பிரியர் எவருக்கும் இல்லை.

ஆனால் கொலை நோயை ஒழிக்கவில்லை, நாய்களையும் குறைக்கவில்லை. 1959இல் சென்னையில் சுந்தரம், உஷா இணையர் நிறுவிய நீலச்சிலுவைச் சங்கம் வேறொரு வழியைக் காட்டிற்று. கருத்தடை செய்து, தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது என்பது அவ்வழி. 1996இல் சென்னை மாநகராட்சி அதனை ஏற்றது. 2001இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன. இதற்கெல்லாம் முன்னோடியாக, மாநிலங்களவையில் ருக்மிணிதேவி அருண்டேல் எழுப்பிய குரலின் பயனாக, விலங்குவதைத் தடைச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம் என்று அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது. கோணிப்பையைக் கட்டியவர் அதை அறிந்திருக்கமாட்டார். அறிந்திருந்தால் கட்டியிருக்கமாட்டாரா என்பதும் நமக்குத் தெரியாது.

ஆறு வாரம் கழிந்தது. மலைமேல் சாமை பயிரிடும் குடும்பம் ஒன்று நாய் வேண்டும் என்று கேட்டது. பன்றி வந்து கொல்லையை அழிக்கிறதாம். ஆடுகளுக்கும் காவல் வேண்டுமாம். நாம் வினாக்களை அடுக்கினோம். சங்கிலியிலேயே கிடக்குமா? ஊசிக்குக் கொண்டுவருவீர்களா? வீட்டின் மூதாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாங்க திங்கறதைத்தான் அதுவும் திங்கும் சாமி. நாங்க படுக்கற எடத்துலதான் அதுவும் படுக்கும்” என்றார். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. மருத்துவர் சீட்டைக் கையில் கொடுத்தோம்.

நம் இலக்கியத்தில் இதற்கென்றே ஒருத்தி இருக்கிறாள். பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. செவிலியின் அன்பு முழுமையானது. ஆயினும் அது வைத்துக்கொள்வதற்கான அன்பன்று. கலித்தொகையில், தலைவனோடு சென்றுவிட்ட மகளைத் தேடிப் பாலைவழி வரும் செவிலிக்கு ஆறுதல் சொல்வோர் மலைச் சந்தனத்தை உவமை காட்டுகிறார்கள். மலையிலே பிறந்தாலும் சந்தனம் பூசுவோர்க்கே பயன்படும் என்பது அதன் கருத்து. சந்தன மரத்துக்குப் பேர்போன ஜவ்வாது மலையில் நின்றுகொண்டு அதை நினைத்தபோது, அந்த ஆறுதலின் கசப்பும் இனிப்பும் ஒருங்கே விளங்கின.

குட்டி ஆட்டுப்பட்டியை நோக்கி ஓடியது. நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதது வலித்தது. இறங்கும் வழியில், பழைய வளைவைக் கடந்தபோதுதான், அது திரும்பிப் பாராமல் ஓடியதே நமக்குக் கிடைத்த கூலி என்று உணர்ந்தோம். அஞ்சிய குட்டியல்லவா திரும்பிப் பார்க்கும்!

எடுத்தனூர்க் கல்லைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் நம்மை விடவில்லை. கருந்தேவக்கத்தி மாண்டபின் கோவிவனுக்குச் சோறிட்டவர் யார்? கல் அதைச் சொல்லவில்லை. வீரத்தைக் கல்லில் பொறிப்பார்கள். அன்றாடம் சோறிட்ட கையை எவரும் பொறிப்பதில்லை. ஆனால் அப்படி ஒரு கை எக்காலத்தும் ஏதோ ஒரு வாசலில் நீண்டிருக்கவேண்டும். இல்லையேல் நாயும் மனிதனும் இவ்வளவு தொலைவு சேர்ந்து வந்திருக்கமாட்டார்கள்.