தியாகய்யாவும் வாலாஜாபேட்டை ஏடுகளும்

சித்தூர் வி. நாகையாவின் 'தியாகய்யா' 1946ல் வந்தது. அவரே தயாரித்து, இயக்கி, இசையமைத்து, நடித்து, பாடவும் செய்த தெலுங்குப் படம். முப்பத்தைந்து வருஷம் கழித்து, 'சங்கராபரணம்' ஓடிய சூட்டோடு சூடாக, 1981ல் பாபு அதே கதையை ஜே.வி. சோமயாஜுலுவை வைத்து இன்னொரு முறை எடுத்தார். ரெண்டில் எது உசத்தி என்று பெரியவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்குக் கேட்டால் நாகையா கட்சி. சோமயாஜுலு நல்ல நடிகர்தான், ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சங்கராபரணம் சங்கர சாஸ்திரிதான் ஞாபகத்துக்கு வருகிறார். கம்பீரம் ஜாஸ்தி. நாகையா முகத்தில் கம்பீரமே கிடையாது. வீட்டில் அரிசி இல்லை என்று பெண்டாட்டி சொன்னால் நிஜமாகவே என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கிற முகம் அது. உஞ்சவிருத்தி எடுத்துச் சாப்பிட்ட ஒரு மனுஷனுக்கு அந்த முகம்தான் பொருந்தும்.

ஆனால் ரெண்டு படத்தையும் பார்த்து முடித்ததும் ஒரே குறைதான் மனசில் நின்றது. தியாகராஜர் ஒரு இசையமைப்பாளர். 1767ல் பிறந்து 1847ல் சமாதியானவர். எண்பது வருஷ வாழ்க்கையில் நூற்றுக்கணக்கான கிருதிகள். அவரைப் பற்றிய படத்தில் அவர் ஒரு பாட்டைக்கூட *செய்வதில்லை*. பாட்டு வருகிறது. தம்பிக்கும் அண்ணனுக்கும் தகராறு, அண்ணன் ராம விக்ரகத்தைக் காவேரியில் எறிகிறார், கண்ணீர், பாட்டு. தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து தட்டு தட்டாகச் சீர் வருகிறது, வேண்டாம் என்கிறார், பாட்டு. கண்ணை மூடுகிறார், கேமரா முகத்துக்குப் போகிறது, முழுக் கிருதியும் பல்லவி அனுபல்லவி சரணத்தோடு, சங்கதிகள் சகிதம், தயாராக இறங்கிவிடுகிறது.

பக்தர்களுக்கு இதில் பிரச்சினை இல்லை. பாட்டு அவருடையதே இல்லை, ராமன் கொடுத்தது என்று சொல்லிவிட்டால் கேள்வியே முடிந்தது. எனக்கு முடியவில்லை. 'சக்கனி ராஜ' என்ற கரகரப்ரியா கிருதியைக் கேட்டுப் பாருங்கள். பல்லவியை முதல் தடவை நேராகப் பாடுவார்கள். அடுத்த தடவை ஒரு சொல்லில் மட்டும் சின்னதாக ஒரு வளைவு. அடுத்து அந்த வளைவு கொஞ்சம் நீளும். பிறகு இன்னும் மேலே ஏறி, சுற்றி வந்து, அதே தாள இடத்தில் கச்சிதமாக உட்காரும். இதைத்தான் சங்கதி என்கிறோம். இது ஆவேசத்தில் வந்து விழுகிற சமாச்சாரம் இல்லை. உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்து, 'இது வேண்டாம், அது இருக்கட்டும்' என்று யோசித்த ஒரு ஆளின் வேலை. அந்த ஆளை நான் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எல்லாரும் 'அமெடியஸ்' படத்தை இழுப்பார்கள். நானும் இழுக்கிறேன், வேறு வழியில்லை. 1984ல் மிலோஷ் ஃபோர்மன் எடுத்தது, பீட்டர் ஷாஃபரின் நாடகத்திலிருந்து. எட்டு ஆஸ்கர். வரலாறு என்று எடுத்துக்கொண்டால் அந்தப் படம் கிட்டத்தட்ட மோசடி. சாலியேரி மொஸார்ட்டைக் கொல்லவில்லை. அந்த வதந்தியை வைத்து 1830லேயே புஷ்கின் ஒரு குட்டி நாடகம் எழுதிவிட்டார், ஷாஃபர் அதன் பேரன். நிஜ சாலியேரி பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் சொல்லிக்கொடுத்த நல்ல வாத்தியார். மொஸார்ட் இறந்த பிறகு அவர் மகனுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஆனாலும் அந்தப் படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. சாகக் கிடக்கும் மொஸார்ட் படுக்கையிலிருந்து 'ரெக்வியம்' இசையின் ஒவ்வொரு இழையாகச் சொல்லச் சொல்ல, சாலியேரி எழுதுகிறார். முதலில் இந்தக் குரல், பிறகு அந்தக் குரல், பிறகு வாத்தியம். சாலியேரிக்குப் புரியவில்லை, 'மெதுவா, மெதுவா' என்கிறார். பிறகு புரிகிறது. ஒவ்வொரு இழையாக நம் காதிலும் கேட்டு, எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது, நோட்டேஷன் வாசிக்கத் தெரியாத எனக்குக்கூட ஒரு இசை எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ரெக்வியத்தை முடித்துக் கொடுத்தது ஸூஸ்மயர் என்ற வேறொருவர். முழுக்கப் பொய்யான காட்சி, இசையைப் பற்றி முழுக்க உண்மையான காட்சி.

வேடிக்கை என்னவென்றால், வியன்னாவில் நடக்காத அந்தக் காட்சி நம் பக்கம் நிஜமாகவே நடந்திருக்கிறது. குரு பாட, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் எழுதினார். பெயர் வேங்கடரமண பாகவதர். இசை உலகில் அவருக்கு ஒரே அடைமொழிதான்: வாலாஜாபேட்டை.

எங்கள் ஊர் நெமிலியிலிருந்து வாலாஜா தூரமில்லை. ஒரே ராணிப்பேட்டை மாவட்டம். வெளியூர்க்காரர்களுக்கு நெமிலி என்றால் பாலா பீடம், வாலாஜா என்றால் டோல்கேட், ராணிப்பேட்டை என்றால் டேனரி நாற்றம். கர்நாடக சங்கீதம் என்றால் எல்லாரும் தஞ்சாவூர்ப் பக்கம் கைகாட்டுவார்கள். நானும் பல வருஷம் அந்த அடைமொழியைக் கச்சேரிக் குறிப்புகளில் படித்துவிட்டு, அது நம்ம வாலாஜாதான் என்று உறைக்காமலே கடந்து போயிருக்கிறேன். பாலாற்றங்கரையில் தோல் ஊறப்போடும் ஊர்களுக்கு நடுவே காவேரிக்கரைப் பாட்டு பத்திரமாக இருந்தது என்பதை யார் எதிர்பார்ப்பார்கள்?

வேங்கடரமண பாகவதர் 1781ல் தஞ்சாவூர் அருகே அய்யம்பேட்டையில் பிறந்தவர். நெசவுக்குப் பேர்போன சௌராஷ்டிர சமூகம். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், படித்தது தெலுங்கும் சமஸ்கிருதமும். அய்யம்பேட்டையிலிருந்து திருவையாற்றுக்கு நடந்து வந்து பஜனையில் உட்கார்ந்து கேட்டவர், குருவுக்குத் துளசி கொண்டுவந்து கொடுத்தவர் என்று சொல்வார்கள். பின்னாளில் வாலாஜாபேட்டைக்குக் குடிபெயர்ந்தார். நவாப் வாலாஜா பெயரில் வளர்ந்த அந்த ஊர் அன்று துணிக்கும் வியாபாரத்துக்கும் பெரிய பேட்டை. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது இன்றைய வாலாஜா ரோடு ஸ்டேஷனில். 1866ல் சென்னை மாகாணத்தின் ஆரம்பகால முனிசிபாலிட்டிகளில் ஒன்றானது வாலாஜாபேட்டை. பாகவதர் 1874 வரை இருந்தார். திருவையாற்று மண்தரையில் உட்கார்ந்து எழுதிய மனுஷன் ரயில் புகையையும் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

தியாகராஜர் பாட்டுகள் நமக்கு வந்து சேர்ந்த பெரிய வழிகள் மூன்று என்று சங்கீதக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்: தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை. முதல் இரண்டும் திருவையாற்றுக்குக் கிட்டத்தில், காவேரி மண். மூன்றாவது மட்டும் எங்கேயோ வடக்கே. மூன்றிலும் வாலாஜாபேட்டைக்கு ஒரு தனி மதிப்பு, ஏனென்றால் அது காகிதத்திலும் ஓலையிலும் இருக்கிறது. பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் பாட்டுகளைச் சுரப்படுத்தி எழுதி வைத்தார்கள். இன்றைக்குக் கச்சேரியில் நாம் கேட்கிற சங்கதிகள் எல்லாமே தியாகராஜருடையவை அல்ல, பின்னால் வந்த வித்வான்கள் சேர்த்தவையும் கலந்திருக்கின்றன. எது குருவுடையது, எது சேர்ந்தது என்று யாராவது கேட்டால் முதலில் புரட்ட வேண்டியது இந்த ஏடுகளைத்தான்.

பாட்டு மட்டுமில்லை. தியாகராஜரின் வாழ்க்கைக் கதையையும் முதலில் எழுதியவர்கள் இந்த அப்பாவும் பிள்ளையும்தான். அமெரிக்கரான வில்லியம் ஜாக்சன் 1991ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இந்தக் கதை எப்படி வளர்ந்தது என்று பின்தொடர்ந்து போகிறார். கூட இருந்து பார்த்த சீடரின் எழுத்து, அடுத்து மகனின் எழுத்து, அதன் பிறகு ஹரிகதை பாகவதர்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் கதை கொஞ்சம் பூசினாற்போல் ஆகிறது. ஹரிகதை மேடைக்கு ஒரு கெட்டவன் வேண்டும், அண்ணன் கிடைத்தார். கர்வம் பிடித்த ராஜா வேண்டும், சரபோஜி கிடைத்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்து, மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டி வைத்து, கண் வைத்தியம் வரை ஆர்வம் காட்டிய இரண்டாம் சரபோஜி சினிமாவில் தங்கத் தட்டு அனுப்பும் ஆளாக மட்டும் மிஞ்சிவிட்டார். சினிமா எடுத்துக்கொண்டது இந்த ஹரிகதையைத்தான், ஏட்டை அல்ல. அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் இருந்திருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம். சம்பாத்தியமே வேண்டாம் என்கிற தம்பியோடு கூட்டுக் குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதில் நாகையாவை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. குண்டூர்ப் பக்கம் ரேபல்லேயில் 1904ல் பிறந்து, சித்தூரில் வளர்ந்தவர் அவர். அந்தச் சித்தூர் 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம், அதாவது நெமிலியும் வாலாஜாவும் சித்தூரும் ஒரே கலெக்டரின் கீழ் இருந்த ஊர்கள். ஹரிகதையும் நாடகமும் கேட்டு வளர்ந்த தலைமுறை. போதனா, தியாகய்யா, வேமனா என்று 1942லிருந்து 1947க்குள் மூன்று மகான்களாக நடித்து, மக்கள் அவரையே மகானாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ராஜாவின் காசு வேண்டாம் என்று சொல்லும் படத்துக்காக மைசூர் ராஜாவும் திருவிதாங்கூர் ராஜாவும் அவரைக் கூப்பிட்டுக் கௌரவித்தார்கள்! அவர் காலத்தில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய நடிகர்களில் ஒருவர், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்து, கடைசியில் கஷ்டப்பட்டு 1973ல் இறந்தார். தி. நகர் பனகல் பார்க்கில் சிலையாக நிற்கிறார். உஞ்சவிருத்திக்காரராக அவர் முகம் ஏன் அவ்வளவு பொருந்தியது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பின்கதைதான் ஞாபகம் வரும், அது படம் எடுத்து ரொம்ப வருஷம் கழித்து நடந்தது என்றாலும்.

குறை அவர் எடுத்துக்கொண்ட மரபில் இருக்கிறது. மகான் கதைக்குச் சாட்சி தேவையில்லை, பக்தர்கள் போதும். சீடர்கள் தம்புரா பிடிக்கலாம், பின்பாட்டுப் பாடலாம், கண்ணீர் விடலாம். இசையமைப்பாளர் கதைக்குச் சாட்சி வேண்டும். அவர் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற, புரிந்துகொள்ளத் தவிக்கிற ஒரு ஆள். அமெடியஸில் அந்த இடத்தில் பொறாமையை உட்காரவைத்தார்கள். சாலியேரிக்குத் தன் இசைக்கும் அந்த இசைக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும், அந்தத் தெரிதல்தான் படம். நமக்குப் பொறாமையைக் கடன் வாங்க வேண்டிய அவசியமில்லை. தானும் பாட்டுக் கட்டத் தெரிந்த ஒருவர், பல வருஷம் தன் பாட்டை ஓரம் வைத்துவிட்டு இன்னொருவர் பாட்டை எழுதிக்கொண்டிருந்தார். அது வெறும் பக்திதான் என்று சொல்லிவிட்டால் அந்த மனுஷனுக்கு நாம் நியாயம் செய்ததாகாது. எழுதும்போது அவர் எதை விட்டார், எதைத் திருத்தினார், 'இந்த இடம் இன்னொரு தடவை' என்று குருவிடம் கேட்கத் துணிந்தாரா? சாதி ஆசாரம் கறாராக இருந்த ஒரு அக்ரகாரத்தில் வெளியூர் சௌராஷ்டிரர் ஒருவருக்கு எந்த இடத்தில் பாய் விரித்தார்கள்? ஒரு திரைக்கதை ஆசிரியர் இந்தக் கேள்விகளோடு உட்கார்ந்தால் ரெண்டு மணி நேரப் படம் தானாக வரும்.

காட்சிகள்கூட ரெடியாக இருக்கின்றன. தியாகராஜரின் மகள் சீதாலட்சுமி கல்யாணம். வேங்கடரமண பாகவதர் கல்யாணப் பரிசாக ஒரு கோதண்டராமர் படத்தைச் சுமந்துகொண்டு நடந்தே வருகிறார். வாசலில் அந்தப் படத்தைப் பார்த்ததும் குருவுக்குப் பிறந்ததுதான் மோகன ராகத்து 'நனு பாலிம்ப' என்பது மரபு. என்னைக் காக்க நீ நடந்தே வந்தாயா என்று ராமனைக் கேட்கிற பாட்டு. அத்தனை வித்வான்களும் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்கள், ராமன் நடந்து வருகிற மாதிரி நாமும் கேட்கிறோம். நிஜத்தில் நடந்தது யார்? கால் கொப்புளித்து, படத்தில் தூசி படாமல் துணியில் சுற்றித் தூக்கி வந்த சீடர். குரு பார்த்தது ராமனை. அந்தப் பாட்டையும் பிறகு எழுதி வைத்துக்கொண்டாரே, அப்போது அந்த வரியை எழுதும் கை கொஞ்சம் நின்றிருக்காதா?

இன்னொன்று, எனக்கு இன்னும் பிடித்தது. வயதான காலத்தில் தியாகராஜர் காஞ்சிபுரம், திருப்பதி என்று யாத்திரை வந்தார், அப்போது வாலாஜாபேட்டைக்கும் வந்தார் என்கிறது மரபு. இந்த முறை குரு நடந்து வருகிறார், சீடர் வாசலில் நிற்கிறார். பாகவதருக்கு அங்கே சீடர்கள் இருந்தார்கள். அதில் ஒருவர் சித்தூர் கிரிம்பேட்டைக்காரர், சதாசிவ ராவ். தன் குருவின் குரு ஊருக்குள் வரும் காட்சியை அவர் தோடி ராகத்தில் பாட்டாகக் கட்டி அங்கேயே பாடினார். அதைக் கேட்டபோது எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்தக் கிழவரின் முகம் எப்படி இருந்திருக்கும்? அவ்வளவு நாள் பாடியவர் அன்று கேட்பவராக உட்கார்ந்திருக்கிறார். சதாசிவ ராவ் பின்னால் மைசூர் போனார், வீணை சேஷண்ணாவும் சுப்பண்ணாவும் அவரிடம் படித்தார்கள். வாலாஜாவிலிருந்து கிளம்பிய பாட்டு மைசூர் வீணைக்குள் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

பாகவதர்கள் எழுதிய ஏடுகள் இப்போது மதுரையில், சௌராஷ்டிர சபையிடம் இருக்கின்றன. படம் எடுக்க நினைக்கிறவர் முதலில் மதுரைக்குப் போய் அவற்றைப் பார்க்கட்டும், அப்புறம் வாலாஜாவுக்கு வரட்டும். டோல்கேட்டைத் தாண்டியதும் ஊருக்குள் திரும்ப வேண்டும்.