எட்டு நாள் நின்றுபோன மல்யுத்தம்

காமர்ஸ் படிக்கிறவனுக்குத் தோல் நோயில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், கடைசியில் கணக்கு வருகிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1989 ஜூலையில் பள்ளி மாணவர்களுக்கு நான்கு வார மல்யுத்த முகாம் நடந்தது. வந்த 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பிஸ் கொப்புளங்கள், பெரும்பாலும் தலையிலும் முகத்திலும். பிடி போடும்போது முகமும் முகமும் உரசுகிறதே, அதுதான் வழி. மெத்தையை மட்டும் கழுவி இதை நிறுத்த முடியாது, தோலிலிருந்து தோலுக்கு நேராகத் தாவுகிறது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வைரஸ் ஆயுள் முழுக்க நரம்பில் தங்கிவிடும்.

என்னை அதிகம் உறுத்தியது வேறு. கொப்புளம் வந்தவர்களில் சுமார் 40% பேர் அதன்பிறகும் இரண்டு நாளாவது மோதியிருக்கிறார்கள்! சொன்னால் ஓரமாக உட்கார வைப்பார்கள். ஆக, சொல்பவனுக்கு நஷ்டம், மறைத்தால் நஷ்டம் எதிராளிக்கு. (எகனாமிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்குப் புரியும்!)

2007இல் அதே மாநிலத்தில் 10 அணிகளில் 24 பேருக்கு மறுபடி வந்தது. பள்ளி விளையாட்டு லீக் இந்த முறை நோயாளிகளைத் தேடி ஒதுக்குவதோடு நிற்கவில்லை. ஜனவரி 30 முதல் பிப்ரவரி 6 வரை மாநிலம் முழுக்கப் போட்டியும் கட்டிப்பிடிக்கும் பயிற்சியும் கிடையாது என்றது. ஏன் எட்டு நாள்? தொற்றியவனுக்குக் கொப்புளம் வெளியே தெரிய ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். சீசன் நடுவில் இப்படியா என்று தோன்றலாம். ஆனால் எல்லோருமே உட்கார்ந்திருக்கும்போது மறைத்து யாருக்கு லாபம்? மாநிலச் சாம்பியன்ஷிப் அந்த சீசனிலேயே நடந்தது.