கீட்டோ உணவுமுறையில் காபி, தேநீருடன் வெண்ணெய், நெய் சேர்த்தல்: அறிந்துகொள்ள வேண்டியவை

சர்க்கரையையும் மாவுச்சத்தையும் பெரிதும் குறைத்து, கொழுப்பை முதன்மையாகக் கொண்டு உண்ணும் முறை கீட்டோ உணவுமுறை எனப்படும். இதனைப் பின்பற்றுவோரில் பலர், காலை உணவுக்குப் பதிலாக வெண்ணெய், நெய் அல்லது தேங்காய் எண்ணெய் கலந்த காபி, தேநீரை அருந்துகின்றனர். தமிழ்நாட்டில் 'பேலியோ' உணவுமுறையைக் கடைப்பிடிப்போரிடமும் இப்பழக்கம் உள்ளது. இது குறித்து நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிய வேண்டியவை இங்குத் தரப்பட்டுள்ளன. நீரிழிவு நோய்க்கு மருந்து உட்கொள்வோர் முழுவதையும் படிக்கவும்.

கீட்டோ உணவுமுறை எவ்வாறு செயல்படுகிறது?

நாள் ஒன்றுக்கு உண்ணும் மாவுச்சத்து ஏறத்தாழ 20 முதல் 50 கிராமுக்குள் குறையும்போது, இன்சுலின் சுரப்பு குறைந்து, கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் பொருள்களை உருவாக்குகிறது. உடல் அவற்றை எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. ஒரு கப் சோற்றில் மட்டும் சுமார் 45 கிராம் மாவுச்சத்து உள்ளது என்பதிலிருந்து இக்கட்டுப்பாடு எவ்வளவு கடுமையானது என்பதை உணரலாம்.

இம்முறை 1921-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக முன்வைக்கப்பட்டது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு, மருத்துவர் மேற்பார்வையில் இன்றும் இது அளிக்கப்படுகிறது.

கொழுப்பு கலந்த பானம் உடல் எடையைக் குறைக்குமா?

திபெத், லடாக் பகுதி மக்கள் வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரை நெடுங்காலமாக அருந்தி வருகின்றனர். கடுங்குளிரில் உழைப்போருக்கு அது ஆற்றல் தரும் உணவு. எடையைக் குறைப்பதற்கான பானம் அன்று.

நீங்கள் அருந்தும் கொழுப்பையும் உடல் எரிபொருளாகப் பயன்படுத்தும்; ஆகவே உடலில் சேமித்துள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவாகவே கரையும். ஒரு மேசைக்கரண்டி அளவில் உள்ளவை (தோராயமாக):

• வெண்ணெய்: 100 கிலோ கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 7 கிராம்
• நெய்: 120 கிலோ கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 8 முதல் 9 கிராம்
• தேங்காய் எண்ணெய்: 120 கிலோ கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 12 கிராம்

மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து பெறக்கூடாது என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. 2,000 கிலோ கலோரி உண்பவருக்கு இது நாளொன்றுக்கு சுமார் 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் மட்டுமே இவ்வளவைக் கடந்துவிடும். இதனால் சிலருக்கு எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் கணிசமாக உயரலாம். மேலும், இப்பானத்தில் புரதமும் நார்ச்சத்தும் மிகக் குறைவு. முழுமையான காலை உணவுக்கு இது ஈடாகாது.

மறைந்திருக்கும் சர்க்கரை

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவையே. 100 மில்லி லிட்டர் பாலில் சுமார் 5 கிராம் பால் சர்க்கரை உள்ளது. பால் பவுடர் வகைகளை வாங்கும்போது உறையில் உள்ள சர்க்கரை அளவைப் பார்க்கவும்.

நீரிழிவு மருந்து உட்கொள்வோர் கவனத்திற்கு

1. இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு: மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். உணவுமுறையை மாற்றும் முன்பே மருத்துவரை அணுகவும். மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

2. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கேனாகிளிஃப்ளோசின்: இவற்றுடன் கீட்டோ உணவுமுறையைப் பின்பற்றினால் இரத்தத்தில் கீட்டோன் மிகுந்து, உயிருக்கு ஆபத்தான கீட்டோ அமிலத்தன்மை ஏற்படக்கூடும். சர்க்கரை அளவு அதிகம் உயராமலேயே இது நிகழலாம். ஆகவே சர்க்கரை அளவு இயல்பாக உள்ளது என்று அலட்சியமாக இருக்கக்கூடாது.

3. வியர்வை, நடுக்கம், படபடப்பு ஏற்பட்டு, சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழ் இருந்தால், 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே அருந்தவும். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிக்கவும். வெண்ணெய் கலந்த காபியோ தேநீரோ இதற்கு உதவாது. கொழுப்பு, சர்க்கரை உட்கிரகிக்கப்படுவதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக்கூடாது.

யார் தவிர்க்க வேண்டும்?

• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்
• முதல் வகை நீரிழிவு நோய் உள்ளவர்கள்
• கணைய அழற்சி, பித்தப்பைக் கல், கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள்
• ட்ரைகிளிசரைடு அல்லது கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள்
• சிறுவர் சிறுமியர் (மருத்துவர் பரிந்துரைத்தால் தவிர)

அருந்த விரும்பினால்

• மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின், நாளொன்றுக்கு ஒரு கோப்பை, அதில் ஒரு தேக்கரண்டி கொழுப்பு என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளவும். அதனை அன்றைய சமையல் எண்ணெய் அளவில் கழித்துக்கொள்ளவும்.
• முட்டை, மீன், பனீர், கீரை, காய்கறி போன்றவற்றையும் உண்ணவும்.
• தொடங்கும் முன்பும், மூன்று மாதங்களுக்குப் பின்பும் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்ளவும்.
• வெறும் வயிற்றில் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கு முன் இப்பானத்தை அருந்தக்கூடாது. தண்ணீர் மட்டும் அருந்தலாம்.
• தைராய்டு மாத்திரையைத் தண்ணீருடன் மட்டும் உட்கொள்ளவும். காபி, தேநீருக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேர இடைவெளி தேவை.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை, மிகுந்த சோர்வு, மனக்குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். உடன் செல்பவர், நோயாளி உட்கொள்ளும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் சென்று, அவர் கீட்டோ உணவுமுறையில் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். சர்க்கரை அளவு இயல்பாக இருக்கும் நிலையில், இந்த ஒரு தகவலே நோயை விரைந்து கண்டறிய உதவும்.

உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற உணவுமுறை குறித்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ ஆலோசனை பெறலாம்.