கழித்துப் போட்டதன் நாதம்

நம் எலக்ட்ரானிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கிறதா? டிரான்சிஸ்டர் இரைந்தால், "தூக்கிப் போடுப்பா!" என்பார் லேப் அண்ணன். நானும் எத்தனையோ தூக்கிப் போட்டிருக்கிறேன். ஜப்பானில் ஒருவர் அதையே தேடி வாங்கினார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அவர் ரோலண்ட் கம்பெனியைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷி. 1980-ல் அவர்கள் கொண்டுவந்த தாள இயந்திரம் டி.ஆர்-808. அதற்குள் பதிவுசெய்த மேளச் சத்தம் கிடையாது. மின்சுற்றுகளே ஓசையை உண்டாக்கும். சீறுகிற ஓசைக்காகவே பழுதான டிரான்சிஸ்டர்களை அதில் பொருத்தினார்கள்.

அதே ஆண்டு வந்த லின் எல்.எம்-1, நிஜ டிரம்ஸின் பதிவுகளைக் கொண்டது. விலை சுமார் 5,000 டாலர். 808-க்கு 1,195 டாலர்தான். ஆனாலும் "இது டிரம்ஸ் மாதிரியே இல்லையே!" என்று பலரும் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 இயந்திரங்களோடு 1983-ல் தயாரிப்பு நின்றது. டிரான்சிஸ்டர்களின் தரம் உயர, பழுதான சரக்கே கிடைக்கவில்லையாம்!

நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லாததே அதன் அழகு. ஒரு குமிழைத் திருகினால் பேஸ் டிரம் "தூம்ம்ம்" என்று நீளும். தோல் மேளம் அப்படி நீளாது. 1982-ல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' அதைக் காட்டியது. பிறகு பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்ததை, கையில் காசில்லாத இளைஞர்கள் வாங்கினார்கள். ஹிப்-ஹாப்பும் டெக்னோவும் அதன்மேல் வளர்ந்தன.

நம் செட்டில் அரியரோடு படிப்பை விட்டுப்போனவர்களை அடுத்த சந்திப்புக்காவது அழைப்போம். அன்று அவர்களைக் கழித்துப் பேசியவர்களில் நானும் ஒருவன்.