திரைக்குப் பின்னே – 14: ஒரு வரிசை அழிந்த இரவு

என்ட்டர் பொத்தானில் விரலை வைத்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினேன். "அழுத்தினீங்களா, இல்லையா?" என்று வழிமறித்துக் கேட்டவர்கள் பலர். இதோ, சொல்கிறேன்.

2006. தலைப்பிறைக்காக ஊரே காத்திருந்த இரவு. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு மாடி அறை. மேசையில் நண்பனின் லெப்டொப். டோஹாவிலிருந்து அவனுடைய நானா அனுப்பியது. அகலத் திரை, குறுக்கே 1280 புள்ளிகள், நெடுக்கே 800.

தபாலில் இலவசமாக வந்த உபுண்டு சீடியைப் போட்டோம். 1024க்கு 768தான் தருவேன் என்று அடம்பிடித்தது. படம் பக்கவாட்டில் ஐந்தில் ஒரு பங்கு இழுபட்டது. நோன்பு நேர அட்டவணைக்காக அவன் வரைந்த பள்ளிக் குப்பா, கவிழ்த்து வைத்த தாம்பாளம் போலக் கிடந்தது.

கண்ணை நம்பித் திருத்தினால் தாளில் குப்பா ஒடுங்கிவிடும். விடிந்ததும் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

தடை எங்கே இருந்தது? அந்த லெப்டொப்பில் இருந்தது இன்டெல் திரைச் சில்லு. அதற்கான அன்றைய டிரைவர் தானாக எந்த அளவையும் முடிவு செய்யாது. அந்தச் சில்லோடு வரும் பயோஸ் என்னும் சிறு மென்பொருளிடம் போய்க் கேட்கும். பயோஸ் ஒரு காவலாளி. அதன் கையில் ஒரு பட்டியல். அதில் இல்லாத அளவு கிடைக்காது. நமக்கு வேண்டிய 1280க்கு 800 அதில் இல்லை. ஆனால் 5சி என்ற வரிசையில் 1920க்கு 1440 இருந்தது. அந்தத் திரையால் ஒருநாளும் காட்ட முடியாத அளவு!

காவலாளியோடு மல்லுக்கட்டுவதைவிட அவன் கையிலுள்ள பட்டியலைத் திருத்துவது சுலபம். அலன் பொய்ரியர் அதைத்தான் செய்தார். 855ரெசொலூஷன் என்றொரு சிறிய கருவி. அதை அடியொற்றி, அடுத்து வந்த சில்லுகளுக்காக ஸ்டீவ் டொம்லியெனோவிச் 915ரெசொலூஷன் எழுதினார். பயனில்லாத வரிசை ஒன்றை அழித்து, அதே இடத்தில் நம் அளவை எழுதிவிடும்.

அந்தக் கட்டளைதான் என் விரலுக்குக் கீழே இருந்தது. 5சி, 1280, 800.

"மச்சான், நானா வாங்கித் தந்தது. பழுதாப் போனா அவருக்கு என்ன பதில் சொல்ற?"

அவன் குரல் தழுதழுத்தது. அந்த லெப்டொப்பில் ஒரு மனிதனின் பாலைவன வெயில் இருந்தது. அது எனக்கும் தெரியும்.

"மெமரியில உள்ள நகலத்தான் இது மாத்தும். சில்லத் தொடாது. அமத்திப் போட்டா எல்லாம் பழையபடி வந்துரும்."

அழுத்தினேன்.

முடிந்தது என்று ஒற்றை வரி வந்தது. இனித் திரையை மீண்டும் எழுப்ப வேண்டும். கண்ட்ரோல், ஓல்ட், பேக்ஸ்பேஸ். மூன்றையும் சேர்த்து அழுத்தினேன்.

திரை கறுத்தது.

மூச்சுச் சத்தம்கூட இல்லை. கறுப்பு. இன்னும் கறுப்பு.

பிறகு, ஓரம் முதல் ஓரம் வரை ஒளி! எழுத்துகள் ஊசிமுனைபோல் கூர்மையாக நின்றன. குப்பா உருண்டு திரண்டு எழுந்தது. அதன் மேல் பிறை, பிறையாகவே இருந்தது. நண்பன் திரையைத் தொட்டுப் பார்த்தான்.

வேலையை முடித்து அமத்தினோம். சஹருக்கு முன் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கத் திறந்தோம்.

குப்பா மீண்டும் தட்டை!

நான் சொன்ன சொல்லே பலித்திருந்தது. அமத்தியதும் நகல் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் இயந்திரம் எழும்போதே அந்தக் கட்டளை தானாக ஓடும்படி எழுதி வைத்தேன். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் வேறொருவருக்கு அது போதவில்லை. கீத் பக்கார்ட். எக்ஸ் என்னும் திரை அமைப்போடு 1980களிலிருந்தே வாழ்ந்தவர். அப்போது இன்டெல்லில் இருந்தார். பட்டியலைத் திருட்டுத்தனமாகத் திருத்துவானேன்? பயோஸிடம் கேட்பதையே விட்டுவிட்டால்? எரிக் அன்ஹோல்ட் முதலியோரும் கைகொடுத்தார்கள். 2007 ஏப்ரலில், எக்ஸில் திரை அளவுகளைக் கையாளும் நீட்சியான ரேண்ட்ஆர் 1.2 வெளிவந்தது. புதிய இன்டெல் டிரைவர் திரையிடமே அதன் அளவைக் கேட்டது. திரை சொல்லாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே நாம் ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம்.

அந்த வரியைப் படிக்க மருதமுனைத் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். துணியின் அகலம் 1280. ஆனால் நாடா கரையோடு நிற்பதில்லை. கரையைத் தாண்டிப் போய்த்தான் திரும்புகிறது. அந்தப் போக்குவரத்தையும் சேர்த்தால் 1680. நெடுக்கே 800 இழை. அடியிலிருந்து மீண்டும் உச்சிக்கு ஏறும் நேரத்தையும் சேர்த்தால் 831. நொடிக்கு 8 கோடியே 35 இலட்சம் புள்ளிகள் ஓடினால், அந்தத் துணி நொடிக்குக் கிட்டத்தட்ட 60 முறை நெய்யப்படும். கணக்கு பிசகினால் படம் கிழியும், அல்லது திரை வாயே திறக்காது.

இந்தக் கணக்கு என் கழுத்தைப் பிடிக்கும் நாள் விரைவிலேயே வந்தது.

ஒரு பாடசாலை மண்டபம். முன்வரிசையில் விருந்தினர்கள். கிராஅத் ஓதி முடிந்துவிட்டது. அதே லெப்டொப்பை மல்டிமீடியா புரொஜெக்டரில் மாட்டினேன். உன் அளவென்ன என்று டிரைவர் கேட்டது. பதில் இல்லை. கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். 15 ஊசிகளில் 12ஆவது முறிந்திருந்தது. திரை தன்னைப் பற்றிச் சொல்லும் சேதி அந்த ஊசி வழியாகத்தான் வர வேண்டும்.

வரியை நானே எழுத வேண்டும். அந்த மல்டிமீடியா எதைத் தாங்கும் என்று மண்டபத்தில் யாருக்கும் தெரியாது.

அதிபர் மேடையிலிருந்து என் பெயரைச் சொல்லி அழைத்தார்.

(அடுத்த வாரம்)