ஆங்கில ஒப்பீட்டுத் தொடர்கள்

ஆங்கில ஒப்பீட்டுத் தொடர்கள் என்பவை, இரு பொருள்களையோ, ஒரு பொருளையும் அதன் இனத்தில் உள்ள ஏனையவற்றையுமோ ஒப்பிட்டுக் கூற ஆங்கிலத்தில் வழங்கும் மரபுத் தொடர்கள் ஆகும். தமிழ்நாட்டில் பள்ளித் தேர்வுகளிலும் போட்டித் தேர்வுகளிலும் இவை பிழை திருத்தும் வினாக்களாக இடம்பெறுகின்றன. தமிழில் பிழையற்ற தொடர் ஆங்கிலத்தில் பிழையாகிவிடக் கூடும் என்பதால், தமிழ்வழி மாணவர் இப்பகுதியில் மதிப்பெண் இழப்பதுண்டு.

தமிழ் மரபு

நன்னூல், ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றாக ஒப்பினைக் கூறுகிறது. இக்காலத் தமிழில் 'விட', 'காட்டிலும்' ஆகியன ஒப்பீட்டை உணர்த்துகின்றன, பெயரடை திரிவதில்லை. ஆங்கிலத்தில் பெயரடையே 'கூல்', 'கூலர்', 'கூலஸ்ட்' எனத் திரியும். திரிந்த சொல்லுடன் 'மோர்' சேர்த்து 'மோர் கூலர்' என எழுதுவது பிழையாகும்.

ஒத்தவற்றை ஒப்பிடல்

தென்காசியும் அதனருகே சுமார் 5 கி.மீ. தொலைவில் உள்ள குற்றாலமும் இதற்கு எடுத்துக்காட்டாகும். "குற்றாலத்தின் தட்பவெப்பம் தென்காசியைவிடக் குளிர்ச்சியானது" என்பது தமிழில் இயல்பான தொடர். இதனை "தி கிளைமேட் ஆஃப் குற்றாலம் இஸ் கூலர் தேன் தென்காசி" என்று எழுதினால், தட்பவெப்பம் ஓர் ஊருடன் ஒப்பிடப்படுகிறது. எனவே 'தேன் தட் ஆஃப் தென்காசி' என்பதே சரியானது. ஒப்பிடப்படுவது பன்மையாயின் 'தோஸ் ஆஃப்' வரும்.

தன்னை விலக்கல்

"பேரருவி இஸ் மோர் ஃபேமஸ் தேன் எனி ஃபால்ஸ் இன் குற்றாலம்" என்பது பிழை. பேரருவியும் குற்றால அருவிகளுள் ஒன்றாதலால், அது தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறது. 'எனி அதர்' என எழுத இக்குறை நீங்கும். தருமபுரி மாவட்ட அருவிகளோடு பேரருவியை ஒப்பிடும்போது, அது அத்தொகுதியில் அடங்காமையால் 'அதர்' தேவையில்லை.

இணைப்புச் சொற்கள்

* 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்', 'சீனியர்', 'ஜூனியர்' ஆகியவற்றின் பின் 'தேன்' வாராது, 'டு' வரும்.
* 'பிரிஃபர்' என்னும் வினையும் பொதுவாக 'டு' ஏற்கும். எ.கா: "ஐ பிரிஃபர் டீ டு காபி".
* "ஆஸ் குட் ஆஸ், இஃப் நாட் பெட்டர் தேன்" என இரு ஒப்பீடுகள் சேர்ந்து வரும்போது, முதல் தொடரின் இரண்டாம் 'ஆஸ்' விடுபடலாகாது.

விடை காணும் முறை

ஒப்பிடப்படும் இரண்டும் ஓரினத்தனவா, முதலாவது பொருள் இரண்டாவது தொகுதிக்குள் அடங்குகிறதா, பெயரடைக்கு உரிய இணைப்புச் சொல் எது என்னும் மூன்றையும் முறையே ஆராய்ந்தால், இவ்வகை வினாக்கள் பலவற்றுக்கு விடை காணலாம்.