காய்ச்சலும் ஒரு மணி நேரமும்



சில ஆண்டுகளுக்கு முன், திரிங்காப்பில் ஒரு காலை. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கையில் ஓர் அட்டையுடன் என் மேசையருகே வந்து நின்றான். அவன் தாயார் புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது.

"அம்மாவுக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல், ஐயா. 38 டிகிரி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி இதில் எழுதியிருக்கு."

அட்டை மலாய்மொழியில் இருந்தது. அவ்வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே. பெரியவர்கள் பெனடால் கொடுத்துக் கம்பளி போர்த்திப் படுக்க வைத்திருந்தனர். நானும், "மலைக்குளிர்தான் தம்பி, சரியாகிவிடும்" என்று கூறி அவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அந்த அம்மையார், இரண்டு வாரங்களுக்குப் பின்னரே உயிர் தப்பி வீடு வந்தார். அதன் பிறகே அந்த ஒற்றை வரியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கீமோ மருந்து புற்றணுக்களை மட்டும் அழிப்பதில்லை. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களையும் குறைத்துவிடுகிறது. பெரும்பாலும் மருந்தேற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை அவை மிகவும் தாழ்ந்திருக்கும். அப்போது உடலில் கிருமி புகுந்தால் சீழோ வீக்கமோ தோன்றாமலே போகலாம். காய்ச்சல் ஒன்றே அறிகுறி. பெனடால் அதையும் மறைத்துவிடும்!

1966இல் ஜெரால்டு போடியும் அவர்தம் குழுவினரும் இரத்தப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து, வெள்ளையணு குறையக் குறையத் தொற்று மிகுவதைக் காட்டினர். அந்நாளில், இரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்து, இன்ன கிருமி என்று அறிந்த பின்பே மருந்தளிப்பது வழக்கம். முடிவு வருமுன் நோயாளி இறந்துபோவதும் உண்டு. 1971இல் ஸ்டீவன் ஷிம்ஃப் குழுவினர், முடிவுக்குக் காத்திராமல் உடனே இரு கிருமிக்கொல்லிகளைச் சேர்த்துத் தொடங்கிய தம் அனுபவத்தை வெளியிட்டனர். மருத்துவ உலகின் வழக்கம் அதன்பின் மாறிற்று. இன்று நோயாளி வந்த ஒரு மணி நேரத்திற்குள் முதல் மருந்து ஏற வேண்டும் என்பதே இலக்கு.

அந்த ஒரு மணி நேரம் பெரிதும் தாதியர் கையில் இருக்கிறது. "கடைசியாகக் கீமோ எப்போது?" என்று வாசலிலேயே கேட்பவர், இரத்தம் எடுப்பவர், மருந்தை ஏற்றுபவர், இரத்த அழுத்தம் சரிகிறதா என்று கண்காணிப்பவர் அவரே.

ஆயின் அவர் கைக்கு நோயாளி போய்ச் சேர வேண்டுமே! சிகிச்சைக்குப் பிந்திய நாள்கள் வீட்டில்தானே கழிகின்றன? 1991இல் கோலாலம்பூரில் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியாவின் தாதியர் நோயாளிகளின் இல்லங்களுக்கே செல்கின்றனர். 1993இல் கோழிக்கோட்டில் உருவான வலிநிவாரணச் சங்கமோ, பின்னாளில் அக்கம்பக்கத்தாருக்கே பயிற்சியளித்துக் கண்காணிப்பில் சேர்த்துக்கொண்டது. நம் மலைக்குப் பொருந்துவது இரண்டாவதே என்பது என் எண்ணம். விடுமுறை நாளில் திரிங்காப்பிலிருந்து பிரிஞ்சாங் வழியாகத் தானா ராத்தா மருத்துவமனைக்குச் செல்ல முயன்றவர்களுக்கு, அந்தச் சாலை நெரிசலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் மேசையில் ஒரு வெப்பமானி உண்டு. மலாய் அட்டை வைத்திருக்கும் பெற்றோர் எவரும் அதைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம். அன்றே தமிழில் எழுதித் தருகிறேன். கடைசியாகக் கீமோ ஏற்றிய தேதியை மட்டும் நீங்களே மேலே குறித்துவிடுங்கள்.